பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களும் சீன அக்குபங்சரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை பெற்ற பின் வரும் உடல்நலக் குறைகளுக்கு அக்குபங்சர் பார்க்கலாமா என்று கேட்பவர்களில் பலர், எந்தப் புள்ளியில் ஊசி போடுவார்கள் என்றுதான் தொடங்குகிறார்கள். வந்திருப்பது எந்த வகைச் சிக்கல் என்பது தெளிவாகாத வரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையிலேயே போகின்றன.

பிரசவித்த உடலைச் சீன மரபு மருத்துவம் எப்படிப் பார்க்கிறது?

பிள்ளை பெற்றவளின் உடலில் குறைவும் தேக்கமும் ஒருங்கே இருக்கின்றன என்பது அதன் அடிப்படைப் பார்வை. பிரசவத்தில் ரத்தமும் வியர்வையும் வெளியேறுவதோடு, அந்த மருத்துவம் 'ச்சி' என்று அழைக்கும் உயிராற்றலும் செலவாகிவிடுகிறது, இது குறைவு. வெளியேறியிருக்க வேண்டிய ரத்தம் கருப்பையில் தங்கிவிடுவது தேக்கம். குறைவை ஈடுகட்ட ஊட்டம் கொடுத்தால் தேக்கம் இறுகிவிடலாம். தேக்கத்தைக் கலைக்கப் போனால் குறைவு மேலும் கூடலாம். இந்த இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டியிருப்பதால்தான், பிரசவத்தை மறந்துவிடவும் கூடாது, பிரசவத்தையே பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது என்ற முதுமொழியை அங்கே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர், பிள்ளை பெற்றவளுக்கு வரும் மூன்று நோய்களாக வலிப்பு, தலைசுற்றி மயங்குதல், மலச்சிக்கல் ஆகியவற்றைக் குறிப்பிட்டார். மூன்றுக்கும் ரத்தமும் உடல்நீரும் வற்றியதே வேர் என்பது அவருடைய விளக்கம். அவருக்குப் பின் வந்த மரபில் 'மூன்று விசாரணைகள்' என்ற வழக்கம் நிலைபெற்றது. அடிவயிற்றில் வலி இருக்கிறதா என்பது முதலாவது. அது தங்கிய ரத்தத்தைக் காட்டும். மலம் இளகிப் போகிறதா என்பது இரண்டாவது. அது உடல்நீரின் அளவைக் காட்டும். பால் சுரக்கிறதா, பசி எடுக்கிறதா என்பது மூன்றாவது. அது வயிற்றின் வலுவைக் காட்டும். அவற்றுக்குப் பின்னால் உள்ள கோட்பாட்டை ஏற்காதவர்கூட இந்த மூன்றையும் கேட்காமல் விடக் கூடாது. நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடும் அவசரத்தில், இவைதான் முதலில் விடுபட்டுப் போகின்றன.

ஊசி குத்துவதால் உடலில் என்ன நடக்கிறது?

மயிரிழையைவிடச் சற்றே பருமனான, உள்ளே துளையில்லாத எஃகு ஊசி தோலுக்குள் இறக்கப்படுகிறது. அதன் வழியே மருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை. ஊசி சரியான ஆழத்தை எட்டியதும் அந்த இடத்தில் கனப்பதுபோல, இழுப்பதுபோல, மதமதப்பதுபோல ஓர் உணர்வு வரும். இதைச் சீனர்கள் 'தே ச்சி', அதாவது ச்சி வந்து சேர்தல், என்கிறார்கள். ஊசிகளை 20 முதல் 30 நிமிடம் வரை விட்டுவைத்துப் பிறகு எடுத்துவிடுவது வழக்கம். நாளங்களில் ஓடும் ச்சியைச் சீராக்குவதே இதன் பயன் என்று மரபு கூறுகிறது. நவீன உடலியலோ, நரம்புகள் தூண்டப்படுவதால் உடலே சுரக்கும் வலிநிவாரணிகளையும் முதுகுத்தண்டில் வலிச் செய்தி மட்டுப்படுவதையும் சுட்டுகிறது. அத்தகைய நாளங்கள் உடற்கூற்றில் கண்டறியப்படவில்லை.

எந்த நிலைகளில் அக்குபங்சரை நினைத்தே பார்க்கக் கூடாது?

மிகையான ரத்தப்போக்கு முதலாவது. பிரசவித்த 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் ரத்தம் போனால் அது அவசர நிலை. வீடு திரும்பிய பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்துவிட்டாலும், பெரிய கட்டிகளாக ரத்தம் விழுந்தாலும் அப்படியே கருத வேண்டும். இங்கே தேவைப்படுபவை கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்துகள், ரத்தம் ஏற்றுதல், சில வேளைகளில் அறுவை சிகிச்சை.

இரண்டாவது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலோடு அடிவயிற்று வலியோ துர்நாற்றமுள்ள போக்கோ சேர்ந்து வருவது. இது கருப்பைத் தொற்றாக இருக்கக்கூடும். ஆன்டிபயாட்டிக் தாமதமானால் தொற்று ரத்தத்தில் பரவிவிடும். மூன்றாவது, தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றோடு ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டுவது. கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய் பிரசவத்தோடு முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரையிலும் புதிதாகத் தலைகாட்டலாம், வலிப்பிலும் கொண்டுபோய் விடலாம். நான்காவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, அல்லது திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

இந்த எல்லையை நவீன மருத்துவம் மட்டும் போடவில்லை. பிரசவத்துக்குப் பின் கெட்ட ரத்தம் மேலே பாய்ந்து இதயத்தையோ நுரையீரலையோ வயிற்றையோ தாக்கும் நிலைகளைப் பற்றி எழுதிய 17ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் சாங் லு, இதயத்தைத் தாக்கினால் பத்தில் ஒருவரைக் காப்பதே கடினம் என்றும், நுரையீரலைத் தாக்கினால் பத்தில் ஒருவரோ இருவரோ பிழைக்கலாம் என்றும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் அடிவயிறு இழுத்து வலிக்கிறது, உதிரப்போக்கும் நீடிக்கிறது. இதற்கு அக்குபங்சர் உண்டா?

விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கும்போது வரும் வலிக்குச் சீனத்தில் 'குழந்தையின் தலையணை வலி' என்று பெயர். குழந்தை வயிற்றுக்குள் தலை வைத்துப் படுத்திருந்த ரத்தத் தலையணை, குழந்தை வெளியேறிய பின்னும் உள்ளே கிடந்து உறுத்துகிறது என்பது பழைய கற்பனை. பால் கொடுக்கும்போது இந்த வலி கூடுவது இயல்பு. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையையும் சுருக்குகிறது. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் வலி கூடுதலாக இருக்கும்.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்குச் சீனப் பெயர் 'தீய பனி'. முதலில் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் வெளிறியும் வரும் இது நான்கு முதல் ஆறு வாரங்களில் ஓய்ந்துவிடும். தொப்புளுக்குக் கீழே உள்ள ச்சிஹாய், குவான்யுவான், கணுக்காலுக்கு மேல் உட்புறத்தில் உள்ள சான்யின்ஜியாவ் ஆகியவை இதற்குரிய புள்ளிகள். ஆனால் வெளிறத் தொடங்கிய போக்கு மீண்டும் சிவந்தாலோ, ஆறு வாரம் கடந்தும் நிற்காவிட்டாலோ, நஞ்சுக்கொடியின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். துணுக்கு உள்ளே இருக்கும்போது ஊசியால் போக்கை நிறுத்த முயல்வது வீண் வேலை, ஆபத்தான வேலையும்கூட.

கர்ப்பகாலத்தில் விலக்கப்பட்ட புள்ளிகளைப் பிரசவத்துக்குப் பின் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள ஹெகு, மேலே சொன்ன சான்யின்ஜியாவ் ஆகிய இரண்டும் கருப்பையைச் சுருங்கச் செய்பவை என்று மரபு நம்புவதால், கர்ப்பிணிகளுக்கு அவை விலக்கு. இதற்குப் பின்னால் 5ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்று உண்டு. லியூ சோங் வம்சத்துச் சிறுவயதுப் பேரரசன் ஒருவன், கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்க அவள் வயிற்றையே கிழிக்கச் சொன்னானாம். உடனிருந்த மருத்துவர் சூ வென்போ அதைத் தடுத்து, இந்த இரண்டு புள்ளிகளிலும் ஊசி குத்தவே கரு வெளிவந்துவிட்டது என்று அக்கால வரலாறு சொல்கிறது. அரசவைக் கதை என்ற அளவில் அதை நிறுத்திக்கொள்ளலாம். பிரசவம் முடிந்த பின் கருப்பை சுருங்குவதே வேண்டப்படும் காரியம் ஆகையால் விலக்கும் முடிந்துவிடுகிறது. அடுத்த கர்ப்பம் உண்டாகியிருக்க வாய்ப்பு இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; பால் கொடுக்கும் காலத்திலும் கருத்தரிக்கலாம்.

பால் போதவில்லை என்றால் ஊசி உதவுமா?

சீன மருத்துவம் இங்கே மிக நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது. மார்பு தளர்ந்து மென்மையாக இருந்து, வரும் கொஞ்சப் பாலும் நீர்த்திருந்தால், சுரக்கவே வழியில்லாத குறைவு. மார்பு கனத்து இறுகி இருந்தும் பால் இறங்காவிட்டால், கவலையாலோ மனக்கசப்பாலோ கல்லீரலின் ச்சி தேங்கிய நிலை. முன்னதற்கு முழங்காலுக்குக் கீழே உள்ள ட்சுசான்லியில் ஊசி போட்டு வயிற்றை வலுப்படுத்துவார்கள். பின்னதற்குப் புறங்காலில் உள்ள தாய்சோங்கைத் தேர்ந்தெடுப்பார்கள். மன அழுத்தம் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பது ஆக்ஸிடோசினைப் பற்றிய இன்றைய அறிவோடும் ஒத்துப்போகிறது.

இரண்டு வகைக்கும் பொதுவான புள்ளி ஷாவ்ட்ஸெ. சுண்டுவிரல் நகத்தின் வெளிப்பக்க மூலையில், நகத்தை விட்டு 2 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. தாயின் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஊசியை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல் குத்துவார்கள். சிலர் ஒரு சொட்டு ரத்தம் வரும்படி தொட்டு எடுத்துவிடுவார்கள். விரல் நுனியில் நரம்புகள் அடர்ந்திருப்பதால் சுருக்கென்று வலிக்கும். வலிக்காது என்று முன்கூட்டியே உறுதி கூறுபவரை நம்ப வேண்டாம்.

மார்பெலும்பின் நடுவில் உள்ள டான்சோங் புள்ளியில் வேறொரு கவனம் வேண்டும். அங்கே ஊசியைத் தோலுக்கு அடியில் படுக்கையாகத்தான் செலுத்த வேண்டும். சிலருக்கு அந்த எலும்பில் பிறவியிலேயே சிறு துளை இருக்கும். நேராக இறங்கும் ஊசி அதன் வழியே இதயத்தை எட்டி உயிரைப் பறித்ததும் உண்டு.

ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை எளியவை. குழந்தை சரியாக மார்பைப் பற்றுகிறதா? 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறதா? மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் சுரக்கும் என்பதால், இவை சரியாக இல்லாதபோது எந்தப் புள்ளியும் பயன் தராது. தாய்க்குத் தைராய்டு கோளாறு இருப்பதும் பால் குறைவதற்கு ஒரு காரணம்.

பால் கட்டிக்கொண்டு மார்பு வீங்கினால்?

ஸ்வீடனில் மார்பு அழற்சி கண்ட 205 தாய்மாரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அக்குபங்சர் பெற்றவர்களுக்கு மூன்றாம், நான்காம் நாள்களில் உபாதை குறைந்திருந்தது. ஆனால் முழுதாகக் குணமாக எடுத்த நாள்களில் வேறுபாடு இல்லை. இதமளிக்கும், நோயின் போக்கை மாற்றாது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, தொட்டால் சீழ்க்கட்டிபோலத் தளும்பினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீங்கிய இடத்திலேயே ஊசி குத்த அனுமதிக்கக் கூடாது.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவதற்கு?

சீன மருத்துவமனைகளில் பிரசவ வார்டில் அக்குபங்சர் அதிகம் அழைக்கப்படும் இடங்களுள் இது ஒன்று. பிரசவத்துக்குப் பின் ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்க இயலாவிட்டால் அது கவனிக்க வேண்டிய அடைப்பு. நீண்ட பிரசவ வேதனை, கருவி கொண்டு எடுத்த பிரசவம், முதுகில் போட்ட மயக்க மருந்து ஆகியவை இதற்கு வழிவகுக்கும். சான்யின்ஜியாவ், யின்லிங்சுவான் போன்ற காலிலுள்ள புள்ளிகளோடு, தொப்புளில் உப்பை நிரப்பி, அதன் மேல் மாசிபத்திரி இனச் செடியின் காய்ந்த இலையைக் கூம்பாக உருட்டி வைத்துப் பற்றவைக்கும் சூட்டுச் சிகிச்சையும் உண்டு. சூடு பொறுக்க முடியாமல் போவதற்கு முன்பே கூம்பை எடுத்துவிட வேண்டும். வயிற்றுத் தோல் மரத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யவே கூடாது.

நிரம்பிய சிறுநீர்ப்பை அடிவயிற்றுக்கு மேலே எழும்பி நிற்பதால், அங்கே ஆழமாக ஊசி இறக்கினால் அதைத் துளைத்துவிடலாம். ஒரு முறை முயன்றும் பயன் இல்லையென்றால், குழாய் வழியாகச் சிறுநீரை வெளியேற்றிவிட வேண்டும். விரிந்த சிறுநீர்ப்பை காத்திருக்காது. தசை ஒரு தடவை தளர்ந்துவிட்டால் மீள நாளாகும்.

சிசேரியன் செய்துகொண்டவர்கள் அக்குபங்சர் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், சான்றும் இங்கேதான் ஓரளவு தெளிவாக இருக்கிறது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 180 பெண்களை மூன்று பிரிவுகளாக்கி நடத்திய, 2022இல் வெளியான ஆய்வில், வழக்கமான வலிநிவாரணிகளோடு காதிலும் உடலிலும் அக்குபங்சர் பெற்றவர்களுக்கு அசையும்போது வரும் வலி, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிடவும் குறைந்திருந்தது. அவர்கள் விரைவாக எழுந்தும் நடமாடினார்கள். அறுவைக்குப் பின் சீக்கிரம் நடப்பது ரத்தக்கட்டி உண்டாகாமல் தடுப்பதால், இது சிறிய பயன் அன்று. தழும்பு ஆறும் வரை அதன் மேலோ அருகிலோ ஊசி கூடாது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாத வரை காலிலும் ஊசி போடலாகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்பவர் அதைச் சிகிச்சையாளரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு?

முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல் படுவதும் மிகப் பலருக்கு வந்து தானே மறைந்துவிடும். அதற்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விப் படிவம் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. ரத்தம் குறைந்ததால் இதயத்தில் உறையும் மனம் நிலைகொள்ளவில்லை என்று சீன மருத்துவம் விளக்கி, மணிக்கட்டில் உள்ள ஷென்மென், நெய்குவான், உச்சந்தலையில் உள்ள பாய்ஹுவெய் ஆகியவற்றில் ஊசி போடுகிறது. அமெரிக்காவில் மனச்சோர்வு கொண்ட 150 கர்ப்பிணிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் அக்குபங்சர் ஓரளவு பலன் காட்டியது. ஆனால் அது கர்ப்பகாலம் பற்றியது. பிரசவத்துக்குப் பின்னான காலத்துக்கு அதை அப்படியே நீட்டிவிட முடியாது.

ஒரு மணி நேரம் குழந்தையை வேறொருவரிடம் விட்டுவிட்டுப் படுத்திருப்பதும், ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விசாரிப்பதுமே பாதி மருந்து என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மனநல மருத்துவத்துக்குத் துணையாக இது இருக்கட்டும். தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடும் எண்ணம், தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, இல்லாத குரல்கள் கேட்பது ஆகியவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

ஓர் எச்சரிக்கையோடு. சீனாவில் நடந்த பல சோதனைகளில் ஊசியோடு சூட்டுச் சிகிச்சையும் மூலிகைக் கஷாயமும் மார்பு நீவுதலும் சேர்த்தே தரப்பட்டிருப்பதால், எது பலன் தந்தது என்று பிரித்தறிவது கடினம். பங்கேற்றோர் எண்ணிக்கையும் பெரும்பாலும் சிறியது. மேலும், பிரசவத்துக்குப் பிந்தைய உபாதைகளில் பல நாளாக ஆகத் தாமாகவே தணிபவை. ஒப்பிட வேறொரு பிரிவு இல்லாத ஆய்வில் அந்தப் பெருமையும் ஊசிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பானதா?

பயிற்சி பெற்றவர் கையில் பெரும்பாலும் பாதுகாப்பானது. பிரிட்டனில் சுமார் 34,000 சிகிச்சைகளைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வில் கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை. ஊசி குத்திய இடத்தில் தோலடியில் சிறு ரத்தக்கட்டு, களைப்பு, மயக்கம் ஆகியவை வரலாம். ரத்தசோகை உள்ள தாய் வெறும் வயிற்றோடு போகாமல், படுத்த நிலையில் சிகிச்சை பெறுவது நல்லது. ஒரு முறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசிதானா என்று உறையைப் பிரிக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து செலுத்தப்படாததால் பாலில் எதுவும் கலப்பதில்லை. சூட்டுச் சிகிச்சையின் புகை மட்டும் குழந்தை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது.

மூலிகைகள் வேறு கணக்கு. பிரசவித்தவர்களுக்குச் சீனாவில் பரவலாகத் தரப்படும் ஷெங்ஹுவா கஷாயத்தில் உள்ள டாங்குவெய் வேர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கைக் கூட்டும். ஊசிக்குப் போன இடத்தில் கையில் ஒரு பொட்டலமும் கொடுத்தால், அதில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்கி மகப்பேறு மருத்துவரிடம் காட்டிய பிறகே காய்ச்ச வேண்டும்.

சிகிச்சையாளரிடம் என்ன சொல்ல வேண்டும்? அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பிரசவ தேதி, அது எப்படி நடந்தது, எவ்வளவு ரத்தம் போனது, இப்போது சாப்பிடும் மருந்துகள், கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். சீனாவில் அக்குபங்சர் ஐந்தாண்டு பட்டப்படிப்பு. வேறு நாடுகளில் சில வார வகுப்போடு பெயர்ப்பலகை மாட்டியவர்களும் உண்டு என்பதால், எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்பதில் தவறில்லை. எத்தனை முறை வர வேண்டும், எத்தனையாவது முறைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவார் என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன மூன்று விசாரணைகளில் ஒன்றைக்கூடக் கேட்காமல் நேராக ஊசியை எடுப்பவர் தம் மரபையே சரியாகப் படிக்கவில்லை என்று பொருள். அவரிடம் தொடர வேண்டியதில்லை.